சாம்பல் அணிலுக்கு அங்கே சரணாலயம், இங்கே கூண்டு

என் சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாளுக்கும் பால்கோவாவுக்கும் அடுத்தபடியாக எங்கள் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது ஓர் அணில். 1988இல் மலையடிவாரத்தில் அதற்கென்றே ஒரு சரணாலயம் அறிவித்தார்கள். பள்ளியிலிருந்து செண்பகத்தோப்புக்குக் கூட்டிப்போனபோது, ‘சாம்பல் நிற அணில்கள் சரணாலயம்’ என்று வனத்துறைப் பலகையில் இருந்ததை எல்லாரும் சத்தமாக வாசித்தோம். அணில் கண்ணில் படவில்லை. புளியமரத்து உச்சியில் வாலை மட்டும் பார்த்ததாக ஒருவன் சத்தியம் செய்தான். புளிச்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தோம்.

அன்றிலிருந்து ‘சாம்பல் அணில்’ என்ற சொல்லுக்கு என் மண்டையில் ஒரே பொருள்தான்: அரிதானது, தொடாதே.

இப்போது நான் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே, நார்தம்பர்லாந்தில், ஹெக்ஸம் என்ற சிறிய ஊரில். என் வீட்டுக் கொல்லையில் ஒரு ஹேசல் மரம் இருக்கிறது. அதன் அடியில் இரண்டு வருடமாக ஒரு கம்பிக் கூண்டு இருக்கிறது. கூண்டு சாம்பல் அணிலுக்கு. பெயர்தான் ஒன்று, எங்கள் ஊர் அணில் வேறு இனம், இது வேறு இனம். மாட்டினால் அதற்கு அன்றோடு சரி. இங்கே வந்து சேர்ந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

இதற்கு முன்னால் ஏழு வருடம் லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருந்தோம். பூங்காவில் சாம்பல் அணில்கள் காலடிவரை வந்து கடலை கேட்கும். ஊரிலிருந்து அம்மா வந்திருந்தபோது முதல் நாளே அவளுக்கும் அவற்றுக்கும் சிநேகமாகிவிட்டது. “என்னய்யா இது, பூனைக்குட்டி தண்டிக்கு இருக்கு? முதுகுல ராமர் கோட்டையும் காணோமே” என்றாள். “இது இந்த ஊர் அணில்மா, ராமர் இங்கெல்லாம் வரல” என்றேன். அவள் இருந்த மூன்று மாதமும் ஒரு கைப்பிடி வேர்க்கடலை முந்தானையில் இருந்தது.

நான் அம்மாவிடம் சொன்னதில் பாதி தப்பு. ராமர் வராதது சரி. ஆனால் அது இந்த ஊர் அணிலும் இல்லை. இது எனக்குத் தெரியவந்தது வடக்கே குடிவந்த பிறகுதான்.

இந்த ஊர் அணில் சிவப்பு. செம்பட்டை நிறத்தில், காது நுனியில் குஞ்சம் வைத்ததுபோல முடியோடு இருக்கும். எடை 300 கிராம் சுமார். அதன் அறிவியல் பெயரில் ‘வல்காரிஸ்’ என்று ஒரு லத்தீன் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்கும் காணக் கிடைப்பது, சாதாரணமானது என்று அர்த்தம். ஐரோப்பாவிலிருந்து ஆசியாவின் கிழக்குக் கோடிவரை பரந்து வாழ்வதால் அந்தப் பெயர் இன்னும் பொய்யாகிவிடவில்லை. பிரிட்டனில் மட்டும் அதைப் படித்தால் கிண்டல் மாதிரி இருக்கிறது. 2018இல் வெளிவந்த கணக்கெடுப்பின்படி இத்தீவில் சிவப்பு அணில்கள் சுமார் 2,87,000. அதில் 2,39,000 ஸ்காட்லாந்தில். இங்கிலாந்து முழுக்கத் தேடினாலும் 40,000 தேறாது. சாம்பல் அணில்களோ 25 லட்சத்துக்கும் மேல்.

சாம்பல் அணில் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது. 1876இல் செஷயரிலுள்ள ஹென்பரி பார்க் என்ற தன் பண்ணை நிலத்தில் பிராக்லஹர்ஸ்ட் என்ற வங்கிக்காரர் ஒரு ஜோடியை விட்டதிலிருந்துதான் வழக்கமாகக் கதையைத் தொடங்குவார்கள். பணக்காரர்கள் மயில் வளர்ப்பதுபோல அப்போது அது ஒரு மோஸ்தர். உண்மையில் காரியத்தைப் பெரிதாக்கியவர் பதினோராவது பெட்ஃபோர்டு பிரபு. 1890இல் நியூஜெர்சியிலிருந்து பத்து அணில்களை வரவழைத்துத் தன் வோபன் மாளிகைத் தோட்டத்தில் விட்டார். அவை பெருகியதும், தெரிந்தவர்களுக்கெல்லாம் தீபாவளிப் பலகாரம் கொடுத்தனுப்புவதுபோல அனுப்பிவைத்தார். லண்டன் ரீஜன்ட்ஸ் பூங்காவுக்கும் போயின.

இதே பிரபுவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சீனாவில் பேர் டேவிட் மான் என்றொரு இனம் இருந்தது. அங்கே அது அடியோடு அழிந்துகொண்டிருந்த சமயத்தில், ஐரோப்பிய விலங்குக்காட்சி சாலைகளில் மிஞ்சிய கொஞ்சத்தையும் தேடித் தேடி வாங்கி வோபனில் சேர்த்தவர் இவர்தான். 1985இல் அந்த மான்கள் வோபனிலிருந்து பெய்ஜிங்குக்குத் திரும்பிப் போயின. ஓர் இனத்தைக் காப்பாற்றியதும் இன்னோர் இனத்தின் தலையில் மண்ணைப் போட்டதும் ஒரே தோட்டம், ஒரே கை. அவரை வில்லனாக்கி இந்தக் கட்டுரையை எழுதிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மான் வந்து கெடுத்துவிட்டது.

அயர்லாந்துக்குப் போனது இன்னும் வேடிக்கை. 1911இல் லாங்ஃபோர்டு மாவட்டத்தில், காசில் ஃபோர்ப்ஸ் மாளிகையில் ஒரு கல்யாணம். மொய்யாக ஒரு பிரம்புக்கூடை நிறைய சாம்பல் அணில் வந்தது. மூடியைத் திறந்தார்கள், ஓடிவிட்டன. கிழக்கு அயர்லாந்தில் அவை பரவியதற்கு அந்தக் கூடையைத்தான் கைகாட்டுகிறார்கள்.

1937இல் சாம்பல் அணிலை இறக்குமதி செய்வதும் வளர்ப்பதும் சட்டவிரோதம் ஆனது. 1950களில் வாலுக்கு ஒரு ஷில்லிங் என்று அரசாங்கமே விலை வைத்தது, அப்புறம் அதை இரண்டாக்கியது. அணில்கள் குறைந்தபாடில்லை என்றதும் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

இதெல்லாம் எனக்குச் சொன்னவர் அடுத்த தெருவிலிருக்கும் ஒரு பெரியவர். மரம் வெட்டும் கம்பெனிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஹெக்ஸமில் நாங்கள் குடிவந்த மாதத்திலேயே ஹேசல் மரத்தில் ஒரு தீனிப்பெட்டி தொங்கவிட்டேன். ஈஸ்ட்ஹாம் பழக்கம். மறுவாரம் பெரியவர் கதவைத் தட்டினார். “உங்கள் பெட்டிக்கு யார் வருகிறார்கள்?” என்றார், ஏதோ வீட்டுக்கு வரும் விருந்தாளிகளை விசாரிப்பதுபோல. இரண்டு சாம்பல் அணில் வருகின்றன என்றேன் பெருமையாக. அவர் முகம் போன போக்கைப் பார்த்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

சாம்பல் அணில் சிவப்பு அணிலைக் கடித்துக் கொல்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லையாம். சாம்பலின் எடை அரை கிலோவுக்கும் மேலே போகும். ஹேசல் கொட்டை முற்றுவதற்கு முன்னாலேயே, பச்சையாக இருக்கும்போதே தின்று செரித்துவிடும். சிவப்பு, கொட்டை முற்றக் காத்திருக்கும். ஓக் மரத்துக் கொட்டையின் துவர்ப்பைச் சாம்பலின் வயிறு தாங்கும், சிவப்பின் வயிற்றுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. அகன்ற இலை மரங்கள் உள்ள காட்டில் ஒரு ஹெக்டேருக்கு ஒரு சிவப்பு வாழ்ந்தால் பெரிது. அதே இடத்தில் சாம்பல் எட்டு கூட இருக்கும். இலையுதிர்காலத்தில் சிவப்பு அணில் வரும்போது மரம் காலி. குளிருக்குள் கொழுப்புச் சேர்க்க முடியாத பெண் அணில் அடுத்த வசந்தத்தில் குட்டி போடாது, போட்டாலும் குட்டிகள் தங்காது. யாரும் யாரையும் அடிக்கவில்லை, பந்தியில் உட்கார இடமில்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

இதுமட்டும் என்றால் இருபது முப்பது வருடம் இழுக்கும். வேகத்தைக் கூட்டுவது ஒரு வைரஸ். அணில் அம்மை என்று சொல்லலாம். அம்மை என்று எழுதும்போதே கை வேப்பிலையைத் தேடுகிறது. சாம்பல் அணில் இந்தக் கிருமியைச் சுமந்துகொண்டு நோய்நொடி இல்லாமல் திரியும். சிவப்பு அணிலுக்கு வந்தால் இமை, மூக்கு, உதடு, விரல் எல்லாம் புண்ணாகிப் பொருக்கு தட்டும். கண் திறக்காது. தின்ன முடியாது. இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். பெரியவர் தன் செல்போனில் ஒரு படம் காட்டினார். காட்டு ஓரத்தில், ஒரு கல்மேல், காலையில் உட்கார்ந்த நிலையிலேயே மாலைவரை இருந்ததாம். நான் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

லிவர்பூலுக்கு வடக்கே ஃபார்ம்பி என்ற கடலோரப் பைன் காட்டில் 2007, 2008இல் இந்த அம்மை பரவியபோது, அங்கிருந்த சிவப்பு அணில்களில் ஐந்தில் நான்கு செத்துப்போயின. அப்புறம் மெதுவாகத் தலையெடுத்தன. மிஞ்சிய சிலவற்றின் இரத்தத்தில் நோய் எதிர்ப்புப் பொருள் இருந்ததைக் கண்டுபிடித்தது ஒரு சின்ன ஆறுதல்.

கிருமி கைமாறும் இடங்களில் ஒன்று தீனிப்பெட்டி. இரண்டு இனமும் வந்துபோகும் பெட்டியைவிட வசதியான இடம் கிருமிக்கு ஏது? நான் அன்போடு தொங்கவிட்டது. அன்றைக்கே இறக்கிவிட்டேன். பெரியவர் ஒரு பொட்டலம் கிருமிநாசினித் தூளைக் கொடுத்து, ஊறவைத்துக் கழுவச் சொன்னார். கழுவும்போது அம்மாவின் முந்தானைக் கடலை நினைவுக்கு வந்தது. லண்டனில் பரவாயில்லை, அங்கே காப்பாற்ற எந்தச் சிவப்பும் மிச்சமில்லை.

ஒருநாள் பெரியவர் எங்களை வாலிங்டன் மாளிகைத் தோட்டத்துக்கு அனுப்பினார். அங்கே மரத்தாலான ஒரு மறைவிடத்தில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். முக்கால் மணி நேரம் சிட்டுகள்தான். என் மகள் பொறுமை இழந்து ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அப்போது வந்தது. சிவப்பு அணில் மரத்தில் ஏறுவதைப் பார்த்தால், அதற்கு எடையே இல்லையோ என்று தோன்றும். கிளை நுனி வளைவதற்குள் அடுத்த கிளையில் இருக்கும். எங்கள் தென்னை மரத்து அணிலின் துறுதுறுப்பு அப்படியே இருந்தது. லண்டன் அணிலிடம் அது கிடையாது, அது கொஞ்சம் குமாஸ்தாத்தனமாக நடந்து வரும். இது என் ஓரவஞ்சனை, தெரியும்.

சரி, அழகாக இருப்பதால் காப்பாற்றுகிறோமா? இந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. ஏனென்றால் இதே சிவப்பு அணிலை இதே ஆட்கள் கொன்று குவித்திருக்கிறார்கள். 1903இல் ஸ்காட்லாந்தில் ‘ஹைலண்ட் அணில் கிளப்’ என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். அதன் வேலையே சிவப்பு அணிலைச் சுடுவது. வாலைக் கொண்டுவந்தால் காசு. முதல் முப்பது ஆண்டில் 80,000க்கும் மேல். என்ன குற்றம் என்றால், மரப்பட்டையை உரித்துப் பைன் மரங்களைக் கெடுக்கிறதாம். இன்றைக்குச் சாம்பல் அணில்மேல் உள்ள பெரிய புகாரும் அதேதான். பீச், ஓக் இளமரங்களின் பட்டையை உரிக்கிறது, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டுக்கு 3.7 கோடி பவுண்டு நஷ்டம் என்று மரம் வளர்ப்போர் கணக்குக் காட்டுகிறார்கள். குற்றப்பத்திரிகை அதே, பிரதிவாதி மட்டும் மாறியிருக்கிறார்.

அதற்கும் முன்னால், ஸ்காட்லாந்தில் காடுகளை வெட்டித் தீர்த்ததில் சிவப்பு அணில் ஏறக்குறைய இல்லாமலே போயிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் கொண்டுவந்து விட்டார்கள். ஆக, இன்று ‘மண்ணின் மைந்தன்’ என்று போற்றப்படும் சிவப்பிலும் கப்பலேறி வந்த வம்சம் உண்டு.

எங்களுக்கு வடமேற்கே, ஸ்காட்லாந்து எல்லையோரம், கீல்டர் காடு இருக்கிறது. இங்கிலாந்தின் சிவப்பு அணில்களில் பெரும்பகுதிக்கு அதுதான் கடைசிக் கோட்டை. அது ஆதிகாலத்துக் காடு இல்லை. முதல் உலகப்போரில் மரத்துக்குத் திண்டாடிய நாடு, வனத்துறை ஒன்றை உண்டாக்கி, 1926 முதல் வரிசை வரிசையாக நட்ட தோட்டம். நட்டதில் பெரும்பகுதி சிட்கா ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம். சிட்கா எந்த ஊர் மரம்? வட அமெரிக்காவின் மேற்குக் கரை. அதன் விதை பொடிசு, அதை வைத்துச் சாம்பல் அணிலால் பெரிய குடும்பம் நடத்த முடிவதில்லை. சிவப்பு எப்படியோ சமாளிக்கிறது. அமெரிக்க அணிலிடமிருந்து பிரிட்டிஷ் அணிலைக் காத்துக்கொண்டிருப்பது ஓர் அமெரிக்க மரம். பெரியவரிடம் இதைச் சொன்னபோது, “அந்த மரத்தை நட்ட ஆட்களில் நானும் ஒருவன்” என்றார். சிரித்தாரா என்று சொல்ல முடியவில்லை.

நியூகாசிலில் இருக்கும் நண்பன் ஒருவன் ஒவ்வொரு பொங்கலுக்கும் இதை ஆரம்பிப்பான். “நாமளும் சாம்பல் அணில்தானே மச்சான், வந்தேறிங்க. உன் பெரியவர் உனக்கும் கூண்டு வைக்கப்போறார்.” முதல் தடவை சிரித்தேன். அப்புறம் யோசித்தபோது அந்த ஒப்புமையே எனக்குப் பிடிக்காமல் போயிற்று. இங்குள்ள செய்தித்தாள்களும் ‘படையெடுப்பு’, ‘அமெரிக்க ஆக்கிரமிப்பாளன்’ என்றுதான் எழுதுகின்றன, அவையும் அணிலைச் சாக்கிட்டு வேறு யாரையோ திட்டுகின்றன. அணில் படையெடுக்கவில்லை. கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எங்கிருந்து வந்தது என்பது அல்ல, வந்த இடத்தில் எது செத்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் என் கவலை. வெளியூர் மரமான சிட்காவோடு எனக்குச் சண்டை இல்லாததும் அதனால்தான். ஊரில் சீமைக் கருவேலத்தை வெட்டச் சொல்லும் என் மாமா, அதே தாலுகாவில் யூகலிப்டஸ் போட்டுக் காசு பார்க்கிறார் என்பது வேறு கதை.

கூண்டும் கொலையும் இல்லாமல் வழியே இல்லையா என்றால், ஒன்று இருக்கிறது. பைன் மார்ட்டன் என்ற, அணிலைப் பிடித்துத் தின்னும் மரமேறி விலங்கு. நம் நீலகிரி மார்ட்டனுக்குப் பங்காளி. பூனை அளவில், பழுப்பு உடம்பும் வெளிர்மஞ்சள் கழுத்துமாக இருக்கும். கோழிகளையும் வேட்டைப் பறவைகளையும் தின்கிறது என்று பண்ணையாட்கள் அதையும் இங்கிலாந்தில் ஏறக்குறைய துடைத்தெடுத்திருந்தார்கள். அயர்லாந்தில் சட்டப் பாதுகாப்புக்குப் பிறகு அது மெல்ல மீண்டு நடுப்பகுதிக்கு வந்தது. வந்த இடத்திலெல்லாம் சாம்பல் அணில் காணாமல் போய், சிவப்பு திரும்பியிருக்கிறது. 2014இல் இதைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. ஸ்காட்லாந்திலும் 2018இல் அதே முடிவு. சிவப்பு அணிலுக்கு மார்ட்டனோடு ஆயிரமாயிரம் வருடப் பழக்கம், மெலிந்த கிளை நுனிக்குத் தப்பிவிடும். சாம்பலுக்கு அந்த வாசனை என்னவென்றே தெரியாது, தரையில் வேறு நிறைய நேரம் உலாவும். மார்ட்டன் இப்போது ஸ்காட்லாந்திலிருந்து தானாகவே கீல்டருக்குள்ளும் இறங்கிவிட்டது. யாரும் கூடையில் கொண்டுவரவில்லை.

நிம்மதி என்று நினைத்தால் அதிலும் ஒரு முள். வட அயர்லாந்தில் 2022இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, இயற்கைக் காட்டில் சிவப்புக்கு உதவும் மார்ட்டன், ஊசியிலைத் தோட்டங்களில் சிவப்பையே குறைக்கிறது என்று காட்டியது. கீல்டர் என்ன வகைக் காடு என்று மேலே சொல்லியிருக்கிறேன். அதோடு, மார்ட்டன் ஊருக்குள் வராது. ஊர்ப் பூங்காக்களில் சாம்பல் சௌகரியமாக இருக்கும். சாம்பல் அணிலுக்கு மட்டும் கருத்தடை மருந்து கொடுக்கலாம் என்றும் முயன்று வருகிறார்கள். மருந்தை ஹேசல் கொட்டை விழுதில் கலந்து, எடை அதிகமான அணில் தள்ளினால் மட்டும் திறக்கும் பெட்டியில் வைப்பார்கள். அது கைகூடினால் முதலில் சந்தோஷப்படுவது கூண்டு வைப்பவர்கள்தான்.

அதுவரை கூண்டுதான். வேல்ஸின் ஆங்கிள்ஸி தீவில் 1998இல் ஆரம்பித்தபோது சுமார் 40 சிவப்பு அணில்களே மிச்சம். சாம்பலை ஒன்றுவிடாமல் பிடித்தபின் இன்று நூற்றுக்கணக்கில் பெருகியிருக்கின்றன. தீவுக்குப் பாலம் இருப்பதால் காவல் மட்டும் ஓய்வதில்லை. இதற்கு நேரெதிர் இத்தாலி. 1948இல் டூரின் அருகே சில சாம்பல் அணில்களை விட்டார்கள். 1997இல் பரவுமுன் ஒழிக்கலாம் என்று ஆய்வாளர்கள் வேலை தொடங்க, விலங்குரிமை அமைப்புகள் வழக்குப் போட்டு நிறுத்தின. 2000த்தில் ஆய்வாளர்கள் விடுதலையானார்கள். அதற்குள் அணில் பரவிவிட்டது. அன்றைக்குச் சில நூறு அணில்களுக்காகக் கண்ணீர் விட்டவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த இடத்தில் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்பதுதான் பயம்.

என் கொல்லையில் கூண்டு வைக்கட்டுமா என்று பெரியவர் கேட்டபோது ஒரு வாரம் பதில் சொல்லவில்லை. இங்கே சட்டம் இப்படி: பிடித்த சாம்பல் அணிலைத் திரும்ப வெளியே விடக்கூடாது. 2019 டிசம்பரிலிருந்து, அடிபட்ட அணிலுக்கு வைத்தியம் பார்க்கும் காப்பகங்கள்கூட அதைக் காட்டில் விட முடியாது. வதைத்தும் கொல்லக்கூடாது. கூண்டோடு தண்ணீரில் முக்கியவர் ஒருவர் 2010இல் நீதிமன்றத்தில் நின்றார். ஒரே அடியில், வலி தெரியாமல் முடிக்க வேண்டும்.

சம்மதித்தேன். தினமும் காலையும் மாலையும் கூண்டைப் பார்ப்பது என் பொறுப்பு. உள்ளே மக்காச்சோளமும் சூரியகாந்தி விதையும். கரும்பறவை மாட்டியது, முள்ளெலி ஒன்று மாட்டியது, இரண்டையும் விட்டேன். ஒன்பதாம் நாள் சாம்பல். கூண்டின்மேல் பழைய துண்டைப் போட்டு மூடினேன். இருட்டானால் அடங்கி இருக்கும். போன் செய்துவிட்டு, பெரியவர் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே கொட்டையை உடைக்கும் சத்தம் கேட்டது. தின்றுகொண்டிருந்தது.

அவர் ஒரு சாக்கைக் கூண்டு வாயில் பொருத்தினார். “பிடித்துக்கொள்ளுங்கள், தளரவிடாதீர்கள்” என்றார். அணில் சாக்கின் மூலைக்கு ஓடியது. துணிக்கு வெளியிலிருந்து அதன் சூடு என் கைக்குத் தெரிந்தது. அவர் தலை எங்கே என்று விரலால் பார்த்தார், அடித்தார். முடிந்தது. சாக்கின் கனம் அப்படியேதான் இருந்தது. பெரியவர் கையைக் கழுவிக்கொண்டே, “பதினாறு வருடமாகச் செய்கிறேன். ஒருநாளும் எனக்கு இது பிடித்ததில்லை” என்றார். டீ குடிக்கிறீர்களா என்றேன். வேண்டாம் என்று போய்விட்டார்.

இந்த இரண்டு வருடத்தில் ஏழு. ஏழுக்கும் சாக்கைப் பிடித்தது நான்தான். மகள் என்னோடு அந்த நாட்களில் பேசமாட்டாள். அவளுக்கு ஒரு பதிலும் நான் தயாரித்து வைக்கவில்லை.

சிவப்பு இன்னும் எங்கள் கொல்லைக்கு வரவில்லை. இரண்டு மைல் தள்ளிப் பார்த்ததாகப் போன ஐப்பசியில் ஒருவர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அம்மா வீடியோவில் வந்தாள். பின்னால் ஹேசல் மரம் தெரிந்திருக்க வேண்டும்.

“அங்கன அணில் வருதாய்யா?”

“இல்லம்மா. இன்னும் வரல.”

“கடல வையி. வரும்.”